எச்சில் உறவு

கிளாஸ்கோ. ஸ்காட்லாந்தின் பெரிய நகரம். 1960களின் தொடக்கம். அங்கே ஒரு வீடு. வீடு நிறையப் பூனைகள்.

பூனை வளர்ப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், நிறுத்தத் தெரியாதவர்கள். இந்த வீடு இரண்டாவது ரகம். அதனால் ஒரு பூனை இளைத்து, சோர்ந்து, மூலையில் சுருண்டு செத்துப் போனபோது துக்கம் இருந்ததே தவிர சந்தேகம் வரவில்லை. ஆனால் அடுத்ததும் அதே மாதிரி செத்தது. அதற்கடுத்ததும். எல்லாவற்றுக்கும் ஒரே நோய். நிணநீர்க் கணுக்களில் கட்டி. புற்றுநோய்.

வைத்தியம் பார்த்த அந்த ஏரியா கால்நடை டாக்டர் இடித்துப் போனார். சளி ஒட்டும். சொறி ஒட்டும். அம்மை ஒட்டும். புற்றுநோய் ஒட்டுமா? ஒரே வீட்டில் வரிசையாக நின்று வாங்கிக்கொள்ள அது என்ன ரேஷன் மண்ணெண்ணெயா? அவர் செய்த நல்ல காரியம், விதி என்று விட்டுவிடாமல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு விஷயத்தைக் கொண்டு போனது. அங்கே இருந்தார் பில் ஜாரெட்.

முழுப்பெயர் வில்லியம் ஜாரெட். 1928-ல் பிறந்தவர். அதுவரை அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூனை இல்லை, மாடு. ஸ்காட்லாந்து மாடுகளின் நுரையீரலில் ஒரு புழு போய் உட்கார்ந்துகொண்டு, அவற்றை இருமி இருமியே சாகடித்துக்கொண்டிருந்தது. ஜாரெட்டும் சகாக்களும் அந்தப் புழுவின் குஞ்சுகளைப் பிடித்து, கதிர்வீச்சு காட்டி, பாதி உயிராக்கி, அதையே மாட்டுக்கு மருந்தாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அரை உயிர்ப் புழுவால் நோய் உண்டாக்க முடியவில்லை. ஆனால் மாட்டின் உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்துவைத்துக்கொண்டது. 1959-ல் அது கடைக்கே வந்துவிட்டது. புழுவுக்கு எதிராக ஒரு தடுப்பு மருந்து! அப்படி யோசிக்கிற ஆசாமியிடம்தான் பூனை வீட்டுக் கதை போய்ச் சேர்ந்தது.

செத்த பூனையின் கட்டியிலிருந்து சாறு எடுத்துக் குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். காத்திருந்தார்கள். குட்டிகளுக்கும் கட்டி வந்தது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உருண்டை உருண்டையாக வைரஸ் துகள்கள். 1964-ல் 'நேச்சர்' பத்திரிகையில் கட்டுரை வந்தது. ஃபீலைன் லுகேமியா வைரஸ். சுருக்கமாக, பூனை ரத்தப்புற்று வைரஸ்.

இதில் என்ன பெரிய அதிர்ச்சி என்று கேட்கலாம். இருக்கிறது.

புற்றுநோயை வைரஸ் உண்டாக்கும் என்ற பேச்சு அதற்கு முன்பே உண்டு. 1908-ல் டென்மார்க்கில் எல்லர்மன், பேங் என்று இருவர் கோழியின் ரத்தப்புற்றை இன்னொரு கோழிக்கு ஒட்ட வைத்துக் காட்டினார்கள். 1911-ல் நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ், கோழியின் சதைக்கட்டியை அதே மாதிரி ஒட்ட வைத்தார். யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. கோழிதானே! ரௌஸுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது வருஷம் 1966. அவருக்கு வயது 87. 55 வருஷம் காத்திருக்க வைத்துவிட்டுக் கொடுத்தார்கள். நல்லவேளை, மனிதர் உயிரோடு இருந்தார். நடுவில் 1951-ல் லுட்விக் கிராஸ் சுண்டெலியில் நிரூபித்தார். அதற்கும் ஒரு சால்ஜாப்பு இருந்தது. அது ஆராய்ச்சிக் கூடத்து எலி, தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருக்கியது, அதை வைத்துக்கொண்டு உலகத்தை எடை போடாதீர்கள் என்றார்கள்.

பூனைக்கு அந்தச் சால்ஜாப்பு செல்லாது. பூனை கூண்டில் இல்லை. சோபாவில் இருக்கிறது. குழந்தையின் போர்வைக்குள் படுக்கிறது. சாதாரண வீட்டில், சாதாரணமாக வாழ்கிற பிராணிக்குள் புற்றுநோய் ஒன்று கைமாறிக் கைமாறிப் போகிறது என்று முதல்முறையாகத் தெரிந்தது. அதே 1964-ல் லண்டனில் எப்ஸ்டீனின் குழு, உகாண்டா குழந்தைகளுக்கு வந்த ஒரு தாடைக் கட்டியில் வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்தது. கோழியைக் கடித்து, எலியைக் கடித்து, பூனையைக் கடித்து... கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று கேட்க விஞ்ஞானி ஆகவேண்டியதில்லை.

வைரஸ் எப்படி ஒரு பூனையிடமிருந்து இன்னொரு பூனைக்குப் போகிறது? சண்டையில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. சிநேகத்தில்! பூனைகள் ஒன்றையொன்று நக்கிக் கொடுக்குமே, மணிக்கணக்கில், கண்ணை மூடிக்கொண்டு? அந்த எச்சிலில்தான். ஒரே தட்டில் பால் குடிப்பதில். தாய் குட்டியைச் சுத்தம் செய்வதில். வயிற்றிலிருக்கும்போதே தாயிடமிருந்து, பிறகு பாலிலிருந்து. கடிபட்டாலும் வரும்தான். ஆனால் இது முக்கியமாகக் குடும்பமாக வாழ்கிற பூனைகளின் நோய். கடித்துக் குதறிக்கொள்ளும் தாதா பூனைகளுக்கென்று தனியாக இன்னொரு வைரஸ் உண்டு. அதை 1986-ல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா என்ற ஊரில் ஒரு பூனைக் கூட்டத்திலிருந்து நீல்ஸ் பெடர்சன் என்ற விஞ்ஞானியின் குழு பிடித்தது. அது வேறு கதை.

அடுத்த பயம் 1969-ல் வந்தது. பில் ஜாரெட்டின் தம்பி ஆஸ்வால்ட் ஜாரெட்டும் இதே ஆராய்ச்சியில் இருந்தவர். அவரது குழு ஒரு சோதனை செய்தது. பூனை வைரஸை மனித செல்லில் போட்டால் என்ன ஆகும்? கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த மனித செல்லில் போட்டார்கள். ஜம்மென்று வளர்ந்தது.

அவ்வளவுதான். கேள்வி ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் பூனை நம் குழந்தைக்குப் புற்றுநோய் கொடுக்குமா?

விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொடுக்காது. பூனையோடு வாழ்ந்தவர்கள், தினமும் பூனைக் கடி வாங்கும் கால்நடை டாக்டர்கள் என்று பலரையும் சோதித்தார்கள். மனித உடம்பில் இந்த வைரஸ் குடியேறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. பாத்திரத்தில் வளர்வது வேறு, உடம்பில் வளர்வது வேறு. ஆனால் 1970களின் தொடக்கத்தில் இதை அடித்துச் சொல்ல ஆளில்லை.

இப்போது நியூயார்க்குக்கு வாருங்கள். புற்றுநோய்க்குப் பேர்போன ஸ்லோன் கெட்டரிங் மையம். மனிதப் புற்றுநோய்க்கான அந்த இடத்தில் வில்லியம் ஹார்டி என்ற கால்நடை மருத்துவர் வேலை பார்த்தார். 1973 வாக்கில் அவர் ஒரு பரிசோதனையைக் கொண்டுவந்தார். பூனையின் ரத்தம் ஒரு சொட்டு. கண்ணாடிச் சில்லில் தடவிக் காயவைக்க வேண்டும். அதன்மீது, வைரஸைக் கண்டால் ஒட்டிக்கொண்டு ஒளிரும் ஒரு சாயத்தை ஊற்ற வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மினுக்கினால் வைரஸ் இருக்கிறது. சில்லைத் தபாலில்கூட அனுப்பலாம்.

ஹார்டி நிறையப் பூனைகளைச் சோதித்தார். தொற்றுள்ள பூனையோடு ஒரே வீட்டில் வாழ்ந்த பூனைகளில் வைரஸ் கொத்துக் கொத்தாக இருந்தது. ஒண்டியாக வளர்ந்தவற்றில் அநேகமாக இல்லவே இல்லை. ஒட்டுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நீங்கள் 1974-ல் நியூயார்க்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். இரண்டு குழந்தைகள். மூத்த பூனைக்குக் காய்ச்சல், நாலு நாளாகச் சாப்பிடவில்லை. டாக்டரிடம் போகிறீர்கள். ரத்தம் எடுக்கிறார். பாசிட்டிவ். சின்னதையும் கொண்டுவாருங்கள் என்கிறார். அது ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறது, காய்ச்சல் இல்லை, தட்டைக் காலி செய்கிறது. அதுவும் பாசிட்டிவ்.

என்ன செய்வீர்கள்?

மருந்து கிடையாது. தடுப்பூசி கிடையாது. குழந்தைகளுக்கு வராது என்று கையெழுத்துப் போட்டுத் தர ஒருவரும் தயாரில்லை. டாக்டருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதற்குப் பெயரே 'சோதி, அகற்று'. வீட்டில் எல்லாப் பூனையையும் சோதிக்க வேண்டும். பாசிட்டிவ் ஆனவற்றை அகற்ற வேண்டும். வீட்டைக் கழுவ வேண்டும். மூன்று மாதம் கழித்து மிச்சத்தை மறுபடி சோதிக்க வேண்டும். அகற்றுவது என்றால், கேட்டுக்கு வெளியே விடுவது இல்லை. ஊசி.

ஆயிரக்கணக்கான பூனைகள் அப்படிப் போயின. படுத்த படுக்கையாகக் கிடந்தவை மட்டுமில்லை, பந்து உருட்டிக்கொண்டிருந்தவையும்.

இதைப் படித்துவிட்டு ஹார்டியைத் திட்டக் கிளம்பாதீர்கள். அவரது முறை வேலை செய்தது. தொற்றுள்ளவற்றைப் பிரித்த வீடுகளில் மற்ற பூனைகள் பிழைத்தன. இது உண்மை. பூனைகளை இனம் பெருக்கி விற்கிற இடங்களில் இந்த நோய் பின்னால் வெகுவாகக் குறைந்ததற்கு அதுதான் காரணம். என் கோபமெல்லாம் வேறு. ஒரு கூட்டத்தைக் காப்பாற்றக் கண்டுபிடித்த முறையை, ஒரே ஒரு பூனை வளர்க்கும் வீட்டிலும் கொண்டுபோய் வைத்தார்கள் பாருங்கள், அதில்தான். அந்தப் பூனை யாருக்கு ஒட்டவைக்கப் போகிறது? சுவருக்கா?

இன்னொரு கொடுமையும் நடந்தது. டாக்டரின் மேஜையிலேயே வைத்து உடனடியாகப் பார்க்கும் கிட் பிறகு வந்தது. சௌகரியம். ஆனால் அது ஹார்டியின் சில்லைவிடக் கூர்மையானது. மஜ்ஜைவரை போய் வேர்விட்ட தொற்றையும் காட்டும், நேற்றுத்தான் ரத்தத்தில் நுழைந்த தொற்றையும் காட்டும். இரண்டுக்கும் ஒரே புள்ளி, ஒரே நிறம். இப்போது நமக்குத் தெரியும், வைரஸை வாங்கிக்கொண்ட பூனைகளில் எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. சில பூனைகளின் உடம்பு அதை வாசலிலேயே அடித்து விரட்டிவிடுகிறது. சில, உள்ளே விட்டுவிட்டுப் பிறகு மடக்கி மூலையில் உட்கார வைத்துவிடுகின்றன. ரத்தத்தில் வைரஸ் மறைந்துவிடும். பூனை வருஷக்கணக்கில் நன்றாக வாழும். மடக்க முடியாத பூனைகளில்தான் வைரஸ் நிரந்தரமாக ஆட்டம் போடும். குட்டிகள்தான் பெரும்பாலும் இப்படித் தோற்பவை. வயது ஏற ஏற எதிர்ப்பு கூடும். இன்று பாசிட்டிவ் ஆன பூனை நாலு மாதத்தில் நெகடிவ் ஆகலாம். நாலு மாதம் காத்திருக்க விட்டால்.

எத்தனை பூனைகளுக்கு அந்த நாலு மாதம் கிடைக்கவில்லை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

நான் பி.காம். படித்தவன். இந்த வைரஸ் உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை எனக்கு நானே கணக்கு பாஷையில்தான் சொல்லிக்கொண்டேன். செல்லுக்குள் ஒரு மூலப் பேரேடு இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அதைப் பார்த்துத் துண்டுச் சீட்டு எழுதுகிறார்கள். அது ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்துச் சரக்கு போடுகிறார்கள். பேரேட்டிலிருந்து சீட்டு, சீட்டிலிருந்து சரக்கு. எல்லா ஆபீஸிலும் இதுதான் முறை. இந்த வைரஸ் கையில் சீட்டோடு வருகிறது. வந்து, சீட்டைப் பார்த்துப் பேரேட்டில் எழுதிவிடுகிறது! பொய்க் கணக்கு மூலத்திலேயே ஏறிவிட்டால் அப்புறம் எந்த ஆடிட்டர் வந்து என்ன? அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும் அதைத்தான் உண்மை என்று நம்பிக்கொண்டு வைரஸ் சரக்கைப் போட்டுத் தள்ளும். சீட்டிலிருந்து பேரேட்டுக்கு எழுதும் அந்தத் திருட்டுக் குமாஸ்தா ஒரு நொதி. 1970-ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாக அதைப் பிடித்தார்கள். 1975-ல் நோபல். தலைகீழாக எழுதுவதால் இந்த வகையறாவுக்கு ரெட்ரோ வைரஸ் என்று பெயர் வந்தது.

அதே 1975-ல் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சியும் வந்தது. பென்வெனிஸ்ட், ஷெர், டொடாரோ என்று மூன்று பேர், இந்தப் பூனை வைரஸின் பூர்வீகத்தைத் தேடிப் போனார்கள். போய் நின்ற இடம் எலி. எத்தனையோ லட்சம் வருஷங்களுக்கு முன்னால் எலியின் மூதாதையிடமிருந்து பூனையின் மூதாதைக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்றார்கள். தின்ற எலியெல்லாம் ஜீரணமாகிவிடவில்லை போலிருக்கிறது.

பெயர்தான் ரத்தப்புற்று வைரஸே தவிர, இதனால் சாகும் பூனைகளில் பெரும்பாலானவை புற்றுநோயால் சாவதில்லை. ரத்தசோகையால் சாகின்றன. வாய்ப்புண்ணால், சளியால், ஆரோக்கியமான பூனை இரண்டு நாளில் தட்டிவிட்டுப் போகும் அற்பக் கிருமிகளால் சாகின்றன. உடம்பின் காவல்காரனையே வைரஸ் படுக்க வைத்துவிடுகிறது. 1970களில் இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஹார்வர்டில் இருந்த மேக்ஸ் எஸ்ஸெக்ஸ். அடிப்படையில் கால்நடை டாக்டர். அவரிடம் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார் டொனால்ட் ஃபிரான்சிஸ்.

இந்த ஃபிரான்சிஸுக்கு நம் ஊர் பழக்கம். பெரியம்மையை ஒழிக்க வட இந்தியாவில் அலைந்தவர்களில் ஒருவர். ஆப்பிரிக்காவில் 1976-ல் எபோலா முதலில் தலைகாட்டியபோது அதையும் விசாரித்த ஆள். அப்பேர்ப்பட்டவர் ஹார்வர்டில் உட்கார்ந்து பூனையின் எச்சிலை அளந்துகொண்டிருந்தார். 1977-ல் எஸ்ஸெக்ஸ், ஹார்டி இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, தொற்றுள்ள பூனையின் எச்சிலில் வைரஸ் கொட்டிக் கிடப்பதைக் காட்டியது. பூனை எச்சிலை அளந்து உலகத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

பதில் 1981-ல் வந்தது.

அமெரிக்காவில் இளம் வயது ஆண்கள் சிலர் வினோதமான நோய்களால் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமான உடம்பு தட்டிவிட்டுப் போகும் அற்பக் கிருமிகள். கூடவே அபூர்வமான ஒரு புற்றுநோய். காவல்காரன் படுத்துவிட்டான். காரணம் தெரியாமல் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, நோய்த் தடுப்பு மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸுக்கு இது ஏற்கெனவே பார்த்த படமாகத் தெரிந்தது. பழைய வாத்தியார் எஸ்ஸெக்ஸுக்குப் போன் போட்டார். இது மனிதர்களுக்கு வந்த பூனை நோய் என்பது அவர் வாதம். பூனை வைரஸே மனிதனுக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதே வகையறாவில் ஒன்று, மஞ்சள் காமாலை பி வைரஸ் பரவும் வழியில் பரவுகிறது என்று அர்த்தம். எய்ட்ஸ் என்று பெயர் வைப்பதற்கு முந்தைய வருஷம். ஹெச்.ஐ.வி. வைரஸைப் பாரிஸில் பிரித்தெடுத்தது 1983-ல். ரெட்ரோ வைரஸைத் தேடுங்கள் என்ற யோசனை சிலருக்காவது சட்டென்று வந்ததற்குக் காரணம், கிளாஸ்கோவில் ஒரு வீட்டுப் பூனைகள். 1986-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது மோன்டாக்னியர், காலோ ஆகியோரோடு எஸ்ஸெக்ஸுக்கும் கிடைத்தது. பூனைக்கு யார் விருது கொடுப்பார்கள்?

அதே 1986-ல்தான் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்று, நம் சென்னையில் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு 'பாசிட்டிவ்' என்ற சொல் இங்கே என்ன பாடு படுத்தியது என்று நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். தட்டைத் தனியாக வைத்தார்கள். டம்ளரைத் தூக்கிப் போட்டார்கள். பெற்ற பிள்ளையைத் திண்ணையில் படுக்க வைத்தார்கள். இத்தனைக்கும் ஹெச்.ஐ.வி. எச்சிலில் பரவாது! பூனைக்குப் பொருந்தும் பயத்தை மனிதன்மேல் காட்டினோம். பிறகு மெள்ள மெள்ள, மருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், பேரன் பேத்தி எடுக்கலாம் என்று கற்றுக்கொண்டோம்.

மருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. எய்ட்ஸுக்கு முதன்முதலில் அனுமதி பெற்ற மருந்து ஏ.இஸட்.டி. வருஷம் 1987. அதை ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் உருவாக்கியது 1964-ல். ஆமாம், ஜாரெட்டின் கட்டுரை வந்த அதே வருஷம். உருவாக்கியது புற்றுநோய்க்கு. வேலை செய்யவில்லை என்று அலமாரியில் வைத்துவிட்டார்கள். எய்ட்ஸ் வந்த பிறகு தூசி தட்டி எடுத்தார்கள். பூனைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்ப்புண் ஆறக் கொஞ்சம் உதவுகிறது. அதிகம் கொடுத்தால் அதுவே ரத்தசோகையைக் கொண்டுவருகிறது. மனிதனுக்குப் பின்னால் எத்தனையோ மருந்துகள் வந்து எய்ட்ஸைக் கட்டிப்போட்டன. பூனைக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. வைரஸை உடம்பைவிட்டே துரத்தும் மருந்து இன்றும் இல்லை.

ஆனால் தடுப்பூசி விஷயத்தில் பூனை மனிதனை முந்திவிட்டது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து வந்த லுகோசெல் 1985-ல் விற்பனைக்கு வந்தது. ஹெச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இன்னும் வந்தபாடில்லை. பூனைக்கு அப்போதே வந்துவிட்டது. நல்லபடியாக முடிந்தது என்று இந்தக் கதையை இங்கேயே முடித்திருக்கலாம். 1991-ல் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாட்டி ஹென்ட்ரிக் என்ற நோயியல் நிபுணர், பூனைகளுக்கு ஊசி போட்ட இடத்தில் சதைப்புற்று வருவது கூடிக்கொண்டே போகிறது என்று எழுதினார். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, இந்த ரத்தப்புற்றுத் தடுப்பூசி இரண்டின் மீதும் சந்தேகம் விழுந்தது. புற்றுநோய் வராமல் இருக்கப் போட்ட ஊசி, அபூர்வமாகச் சில பூனைகளுக்குப் புற்றுநோயைக் கொடுக்கிறது! பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கில்தான். ஆனால் அந்த ஒன்று உங்கள் வீட்டுப் பூனை என்றால் கணக்கு என்ன ஆறுதல் சொல்லும்?

ஊசியை நிறுத்தவில்லை. இடத்தை மாற்றினார்கள். வழக்கமாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே பிடரித்தோலை இழுத்துப் போடுவார்கள். அங்கே கட்டி வந்தால் வெட்டி எடுக்க முடியாது. எனவே வெறிநோய்க்கு வலது பின்னங்கால், ரத்தப்புற்றுக்கு இடது பின்னங்கால் என்று அமெரிக்க டாக்டர்கள் தீர்மானித்தார்கள். எந்த ஊசியால் கட்டி வந்தது என்று தெரியும். அதைவிட முக்கியம், காலை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றலாம். மூன்று காலில் பூனை சமாளித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவை ஊசி போடும்போதும், ஒரு காலை இழக்க நேரலாம் என்று முன்கூட்டியே யோசித்து இடம் தேர்ந்தெடுக்கும் அந்த டாக்டர்களை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

வீட்டைத் தாண்டியும் போயிருக்கிறது இந்த வைரஸ். ஃப்ளோரிடாவில் அப்போது நூறுகூடத் தேறாத பூமாக்களில் ஐந்துக்கு 2002-க்கும் 2004-க்கும் இடையில் தொற்றியது. வைரஸின் ஜாதகத்தைப் பார்த்தால் வீட்டுப் பூனையுடையது. 2007-ல் ஸ்பெயினின் டோன்யானா காட்டில், உலகத்தில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச ஐபீரிய லின்க்ஸ்களில் சில செத்துப்போயின. இரண்டு இடத்திலும் காட்டு விலங்கைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு மறுபடி காட்டில் விட்டார்கள். பூனைக்கு மணி கட்டுவதே பெரிய விஷயம் என்கிறோம். பூமாவுக்கு ஊசி!

சரி, அந்த நியூயார்க் வீட்டுக்குத் திரும்பிப் போவோம். இப்போது வருஷம் 1974 இல்லை. இன்று. அதே இரண்டு பூனைகள். அதே பாசிட்டிவ்.

டாக்டர் இன்று ஊசியை எடுக்க மாட்டார். எடுக்கக் கூடாது. அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தெளிவாகவே சொல்கிறது. சோதனை முடிவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பூனையைக் கொல்லாதீர்கள். முதலில் வேறொரு முறையில் சரிபார்ப்பார். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளப்பார். சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்பார். அதுவரை வீட்டில் வேறு நோயில்லாப் பூனை இருந்தால் அறையைப் பிரிக்கச் சொல்வார். சாப்பாட்டுத் தட்டையும்.

மடக்கி வைத்த பூனை என்றால் அதிர்ஷ்டம். அதன் ஆயுசு மற்றப் பூனைக்குச் சமமாகவே இருக்கலாம். மடக்காத பூனை என்றால் பொய் சொல்ல மாட்டார். இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை மூன்று வருஷத்தைத் தாண்டுவதில்லை. தாண்டி ஐந்து, ஆறு என்று போனவையும் உண்டு.

மூன்று வருஷம் என்பது கொஞ்சமா? பூனைக் கணக்கில் அது வாழ்க்கையில் பெரிய பங்கு.

அந்த மூன்று வருஷத்துக்கான வேலைப் பட்டியல் ஒன்றும் பயங்கரமானதில்லை. வெளியே விடக்கூடாது. அதனிடமிருந்து தெருப் பூனைக்கும், தெருவிலிருந்து அதற்கும் எதுவும் போகக்கூடாது. கருத்தடை செய்துவிட வேண்டும். பச்சை மாமிசம் வேண்டாம், வேகவைத்தே கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருதரம் டாக்டர், ரத்தப் பரிசோதனை. சாதாரணப் பூனைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள் பார்க்கலாம். இதற்குப் பார்க்கக் கூடாது, உடனே ஓட வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். ரோஜா நிறமாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தம் குறைகிறது. மாதாமாதம் எடை. பூனை தராசில் நிற்காது. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்து, பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். குறைவது பூனையா நீங்களா என்று குழம்பாமல் இருக்க நோட்டில் எழுதி வைப்பது உத்தமம்.

குழந்தை அதைக் கட்டிப்பிடித்துத் தூங்கலாம். தடையில்லை.

ஒருநாள் அது சாப்பிடுவதை நிறுத்தும். ஈறு வெளுக்கும். தன் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். அப்போது டாக்டர் ஊசியைப் பற்றிப் பேசுவார். 1974-ல் போட்ட அதே ஊசிதான். இந்தத் தடவை அது வலிக்காக.

எல்லாம் முடிந்தபிறகு வீட்டுக்காரர்கள் டாக்டரிடம் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறதாம். கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு, சில நாட்கள் கழித்துத்தான் கேட்பார்களாம். அது படுத்த மெத்தை, சாப்பிட்ட தட்டு, மண் தட்டு எல்லாம் அப்படியே இருக்கிறது. இன்னொரு பூனைக் குட்டி கொண்டுவரலாமா? வைரஸ் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்குமா?

இருக்காது. பூனையின் உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் ஒரு நோஞ்சான். ஈரம் காய்ந்தால் சீக்கிரமே செத்துவிடும். மெத்தை உறையைத் துவைத்து வெயிலில் போடுங்கள். தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சாதாரணச் சோப்பு போதும். குட்டியைக் கொண்டுவரும்போது முதலில் சோதித்து, தடுப்பூசி போட்டுவிடுங்கள். இடது பின்னங்காலில்.